டிசம்பர் 25, புதன்கிழமை, வேலை நாள்

எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அங்கே போகிற தன்னார்வலர்களுக்கு முதல் வாரப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். கென்னா என்று பெயர், அரசு விடுமுறை, ராத்திரி முழுக்க ஆராதனை என்றெல்லாம் விவரமாகச் சொல்வார்கள். நம்முடைய டிசம்பர் 25 அங்கே எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அன்றைக்குக் காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும். கூட வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் நோன்பில் இருப்பார்கள். பண்டிகை என்று நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டால் கறி, முட்டை, பால், நெய் எதையும் தொட மாட்டார்கள். அங்கே போகிற தம்பதிகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். என் கணவர் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர். நான் நர்ஸ், விருப்ப ஓய்வு வாங்கியவள். பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். 2013 செப்டம்பரில் ஒரு தன்னார்வ அமைப்பு எங்கள் இருவரையும் வடக்கு எத்தியோப்பியாவில் இருக்கும் கோண்டர் நகரத்துக்கு அனுப்பியது. இவருக்கு ஆசிரியர் பயிற்சியில் வேலை, எனக்கு செவிலியர் பயிற்சியில். உள்ளூர் வாத்தியார் வாங்குகிற அளவில் ஒரு செலவுப்படி, இரண்டு அறை வீடு. கோண்டர் பழைய தலைநகரம். 1636இல் ஃபாசிலிதஸ் மன்னர் உண்டாக்கியது, ஊர் நடுவே அவர் கோட்டை இன்னும் நிற்கிறது. உயரம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைவு, டிசம்பர் ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. தெருவில் ஓடுகிற ஆட்டோவின் பெயரே "பஜாஜ்" என்பதால் முதல் நாளே பாதி அந்நியம் போய்விட்டது.

இப்போது அந்தப் பக்கத்தில் நிலைமை வேறு. சில வருஷங்களாகவே சண்டையும் பதற்றமும். நான் சொல்வது அமைதியாக இருந்த காலத்துக் கதை.

முதலில் நாள்காட்டி விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அங்கே வருஷத்துக்கு 13 மாதம்: 12 மாதங்களுக்கு முப்பது முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்து நாள் அல்லது ஆறு. நாங்கள் போனபோது அவர்களுக்கு 2006 பிறந்திருந்தது. அலுவலகக் கடிதம், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சுவரில் இரண்டு காலண்டர் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதுதான் நாங்கள் செய்த முதல் உருப்படியான வேலை. அப்புறம் கடிகாரம். சூரியன் உதித்ததும் அவர்களுக்கு மணி எண்ண ஆரம்பிக்கும், நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. பண்டிகைச் சாப்பாட்டுக்கு "எட்டு மணிக்கு வாருங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டால் அது மத்தியானம் இரண்டு. "எந்த மணி?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நவம்பர் கடைசி வாரத்தில் கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குகிறது, ஜனவரி 6 வரை. கறி, பால், முட்டை, வெண்ணெய் கிடையாது. பக்தியானவர்கள் மத்தியானம் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இது தவிர, ஈஸ்டருக்குப் பிந்தின ஐம்பது நாளை விட்டால், வருஷம் முழுக்கப் புதனும் வெள்ளியும் நோன்பு நாள்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். எந்தச் சின்ன ஹோட்டலில் நோன்புச் சாப்பாடு கேட்டாலும், பெரிய வட்ட இஞ்செராவின் மேல் கடலை மாவில் செய்த ஷிரோ, மிளகாய்ப்பொடி போட்ட சிவப்புப் பருப்பு, மஞ்சள் பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று வைத்துத் தருவார்கள். இஞ்செரா என்பது டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்துக் கரைத்து, நன்றாகப் புளிக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுக்கிற பெரிய ஆப்பம். இவருக்கு முதல் வாரம் அந்தப் புளிப்பு பிடிக்கவில்லை. இரண்டாவது மாதம் வீட்டில் சோறு வடித்தால் "இஞ்செரா வாங்கலியா?" என்று கேட்கிற நிலை.

டிசம்பர் நடுவில் வீட்டு நினைப்பு வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் முதல் தேதியே ஸ்டார் கட்டிவிடுவார்கள். ராத்திரியில் கேரல் வருவார்கள், முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கிற வாசம் தெருவுக்கே வரும். கோண்டரில் அந்த மாதம் நோன்பு மாதம், ஊரே அடங்கி இருக்கும். ஒரு விளக்கு கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. மின்சாரம் போனால் வீட்டு விளக்கும் இருக்காது.

தம்பதியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஏக்கம் ஒரே இடத்தில் இருக்காது. எனக்கு அடுப்படிதான் பண்டிகை. நாலு பேருக்குச் செய்து போடாவிட்டால் அந்த நாள் எனக்கு வராது. இவருக்குச் சாப்பாடு பொருட்டே இல்லை. அதிகாலை நாலு மணி ஆராதனையில் கூட்டத்தோடு நின்று பாட வேண்டும், அவ்வளவுதான். நான் "என்ன சமைக்கலாம்?" என்று கேட்கக் கேட்க இவர் "இந்த வருஷம் சும்மா விட்டுடு பிள்ளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தமிழில் சண்டை போட எனக்கு இவரையும் இவருக்கு என்னையும் விட்டால் ஆள் கிடையாது, அதனால் எல்லாக் கோபமும் அந்த இரண்டு அறைக்குள்ளேயே சுற்றும். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆளுக்கு ஒன்று, விட முடியாதது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதை விட்டுவிடுவது. எனக்கு ஒரு விருந்து. இவருக்கு அந்த ஆராதனை.

இந்தியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். பாளையங்கோட்டையில் மணி நாலு ஆகும்போது கோண்டரில் ஒன்றரை. தூங்காமல் இருந்து, கோயிலுக்குப் போயிருந்த தம்பியின் போன் வழியாகப் பாட்டைக் கேட்டோம். இணையம் விட்டு விட்டுத்தான் வந்தது. சாதாரண அழைப்புக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தோம். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பாடினார். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் வேலை இருக்கிறதே.

அன்று மாலைதான் விருந்து. இது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பலருக்கும் சிக்கலாவது இதுதான். ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி, கேக். கோண்டரில் அன்றைக்கு இரண்டுமே ஆகாது: கிறிஸ்துமஸ் நோன்பு, அதற்குள் புதன்கிழமை வேறு. கறி வைக்கலாம் என்றாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. அங்கே கிறிஸ்தவர் அறுத்த கறியை முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிட மாட்டார்கள். கறிக்கடைகளே தனித்தனி. என்னுடன் வேலை செய்தவர்களில் இரண்டு தரப்பும் உண்டு. ஆகவே பாலும் நெய்யும்கூட இல்லாத சுத்தச் சைவமாக வைத்துவிட்டால் எல்லாரும் ஒரே தட்டில் கை வைக்கலாம். நம் அடுப்படிக்கு இது ஒரு பெரிய காரியமே இல்லை.

சந்தையில் பருப்பு எல்லாம் இருக்கிறது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை ஊறவைத்து அரைத்தால் வடை நம் ஊர் வடைதான். கொண்டைக்கடலைச் சுண்டல், தக்காளிச் சோறு, காய் போட்ட சாம்பார், பால் சேர்க்காமல் கருப்பட்டியும் பருப்பும் போட்டு ஒரு பாயசம், டப்பாவில் முறுக்கு. பொரிப்பதற்குப் பேயெள் எண்ணெய் கிடைக்கும். அது காயும்போது ஒரு வாசம் வரும், பழகிக்கொள்ளலாம். சீரகம், மஞ்சள், வெந்தயம், மல்லி, கடுகு எல்லாம் அங்கேயே கிடைத்தன. எனக்குக் கிடைக்காதவை புளி, பெருங்காயம், கறிவேப்பிலை, கருப்பட்டி. இவற்றை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தேன், கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து. முறுக்கு அச்சும் பெட்டியில் இருந்தது. துணிமணியைக் குறைத்துக்கொண்டாவது பிரஷர் குக்கரும் இரண்டு உபரி கேஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. சாதாரணப் பாத்திரத்தில் கடலை லேசில் வேகாது.

மூன்று மணி வரை பட்டினி இருப்பவர்கள் வருகிறார்கள் என்பதால் நாலு மணிக்கு மேல் கூப்பிட்டோம். வீட்டுக்காரம்மா, அவர் மகள், கல்லூரிக்காரர்கள், என்னுடன் வேலை செய்யும் நர்ஸுகள் வந்தார்கள். வீட்டுக்காரம்மாவை நாங்களும் எமாமா என்றுதான் கூப்பிட்டோம், அந்த வளாகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் நின்று "இதில் வெண்ணெய் இல்லையே?" என்று கேட்டார்கள். இல்லை என்று உறுதியானதும், எமாமா கையோடு கொண்டுவந்த இஞ்செராவை விரித்து அதன் மேலேயே சாம்பாரை ஊற்றிக்கொண்டார்கள். வடை முதலில் தீர்ந்தது. பாயசம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, மரியாதைக்கு ஒரு வாய். அவர்கள் சாப்பாட்டில் இனிப்பு அவ்வளவாகச் சேர்ப்பதில்லை என்று அப்புறம் கவனித்தேன். ஒரு பெரியவர் பள்ளிக்கூடத்தில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த இந்திய வாத்தியாரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். ஹைலே செலாசி மன்னர் காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் அந்த நாட்டுப் பள்ளிகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறார்கள், வயதானவர்களிடம் அந்த நினைப்பு இன்னும் இருக்கிறது. இவருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட மரியாதை, எல்லாம் யாரோ சம்பாதித்து வைத்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு வந்த வாரம்தான் இழுவை. டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை இல்லாமல் எங்களுக்கு வருஷம் பிறந்ததில்லை. அங்கே ஜனவரி 1 அவர்கள் மாதத்துக்கு இடையில் வருகிற ஒரு தேதி, அவ்வளவுதான். எங்கள் அமைப்பின் மற்ற தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து லாலிபெலாவுக்கோ வேறு ஊருக்கோ கிளம்பிவிட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். லாலிபெலாவின் பாறையில் குடைந்த கோயில்களைப் பார்க்கக் கென்னா நல்ல சமயம் என்பது உண்மைதான், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து வருகிற ஜனங்கள் உண்டு. ஆனாலும் முதல் வருஷம் வேலை செய்கிற ஊரை விட்டுப் போகக்கூடாது என்பது என் கட்சி. பண்டிகைக்கு ஊரில் இருந்தவர்களை அந்த ஊர் மறப்பதில்லை. ஜனவரிக்குப் பிறகு வார்டில் எனக்குக் கிடைத்த ஒத்துழைப்பு நவம்பரில் கிடைக்கவில்லை. இதை எந்தப் பயிற்சியும் வாங்கித் தந்திருக்காது.

ஜனவரி முதல் வாரத்தில் ஊர் விழித்துக்கொண்டது. சந்தையில் கோழி, முட்டை, வெண்ணெய், வெங்காயம் எல்லாம் விலை ஏறும். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள், பஜாஜில் ஆட்டை உட்காரவைத்துக் கூட்டிப்போகிறவர்கள். அலுவலகத்தில் கிர்ச்சாவுக்குப் பணம் கேட்டு வந்தார்கள். பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மாட்டை வாங்கி அறுத்து, ஈரல், எலும்பு, கறி எல்லாம் சமமாகக் கூறு போட்டு எடுத்துக்கொள்வது. நம் கிராமங்களில் கிடா வெட்டிக் கூறு போடுகிற அதே பழக்கம். நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை, ஆனாலும் பங்குப் பணம் கட்டினோம். எங்கள் கூறு வாட்ச்மேன் வீட்டுக்குப் போனது. அப்படிச் செய்தால் நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர், கறி சாப்பிடாதது ஒரு பேச்சே ஆகாது.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். படியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருகிற அமைப்பாக இருந்தால் கென்னாவுக்கும் அதற்கு அடுத்து வருகிற திம்கத் திருநாளுக்கும் நவம்பரிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். வாட்ச்மேனுக்கு, வீட்டு வேலைக்கு வருபவருக்கு, கிர்ச்சாவுக்கு, போகிற வீடுகளுக்கு என்று செலவு இருக்கிறது. எவ்வளவு தருவது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டு அதே அளவு தர வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் அள்ளிக் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும். சில தன்னார்வலர்கள் வளாகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொம்மையும் சட்டையும் வாங்கிக் குவிப்பதைப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பாவால் வாங்க முடியாததை அவர் கண்முன்னே வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவரோடு சமமாக உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. விருந்துக்குப் போனால் வறுக்காத காப்பிக் கொட்டை ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. அதுதான் அங்கே வழக்கம், அதுவே மதிப்பு.

கென்னா முந்தின ராத்திரி எமாமாவோடு கோயிலுக்குப் போனோம். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள், பெண்கள் நெத்தலா என்கிற கரை வைத்த மெல்லிய துணியைத் தலையோடு போர்த்தியிருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் கிராமத்துக் கோயில்களில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரவே வேண்டியதில்லை. பெரிய மத்தளத்தை மெதுவாக அடித்தபடி குருமார்கள் கைத்தடியை ஊன்றி ஊன்றி அசைந்து பாடுவார்கள், மணிக்கணக்கில். நின்றே இருக்க வேண்டும், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். இவர் நாலு மணி ஆராதனைக்கு ஏங்கிய ஆள், அன்றைக்கு விடிய விடிய நின்றார். வார்த்தை ஒன்றும் புரியாமல் ராகத்தைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

காலையில் விருந்து. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். கோழியைக் கணக்காகப் பன்னிரண்டு துண்டாக்கி, வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் மணிக்கணக்கில் வதக்கி, மசாலா வெண்ணெயும் பெர்பெரே மிளகாய்ப்பொடியும் போட்டு, அவித்த முட்டையோடு டோரோ வொத். காரம் நமக்கே கண்ணில் நீர் வரவைக்கும். பெரியவர்கள் இஞ்செராவில் உருட்டி நம் வாயில் ஊட்டிவிடுவார்கள், மறுக்கக்கூடாது. ஒரு வாயோடு நிறுத்தவும் மாட்டார்கள். அடுத்தடுத்து வீடுகள் இருப்பதால் முதல் வீட்டில் வயிற்றை நிரப்பிவிடக் கூடாது. காப்பி மூன்று சுற்று வரும், மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எழுந்திருப்பது நன்றாக இருக்காது. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

நர்ஸாக ஒன்று சொல்ல வேண்டும். பண்டிகையில் பச்சை மாட்டுக்கறி வைப்பார்கள், அவர்களுக்கு அது உயர்ந்த உபசாரம். அதனால் வரும் நாடாப்புழு அங்கே சாதாரணம். "வயிற்றுக்கு ஒத்துக்காது, வேகவைத்ததாகக் கொடுங்கள்" என்று புன்னகையோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். தெல்லா என்பது வீட்டில் செய்கிற பீர்; அதில் சேர்த்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாததால் நான் ஒரு வாயோடு நிறுத்தினேன். அரக்கே என்கிற சாராயத்தைச் சின்ன கிளாஸில் கொடுப்பார்கள், சின்னதுதானே என்று எடுத்தவர்கள் மத்தியானம் எழுந்திருக்கவில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கையில் இருக்கட்டும்.

பொங்கலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களோடு கொண்டாடினோம். நன்றாக இருந்தது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

19ஆம் தேதி திம்கத், இயேசு ஞானஸ்நானம் பெற்றதை நினைக்கிற திருநாள். கோண்டர் திம்கத்துக்குப் பேர் போன ஊர். முந்தின நாளே ஒவ்வொரு கோயிலிலிருந்தும் பத்துக் கட்டளை எழுதிய உடன்படிக்கைப் பலகையின் பிரதியைப் பட்டுத்துணியில் மூடித் தலையில் சுமந்து ஊர்வலமாக ஃபாசிலிதஸ் குளத்துக்குக் கொண்டுவருவார்கள். ராத்திரி அங்கேயே தங்கல். விடியற்காலையில் தண்ணீரை ஆசீர்வதித்ததும் இளவட்டங்கள் அப்படியே குதிக்கும். கூட்டம் நெருக்கித் தள்ளும். மரத்தால் கட்டிய மேடைகளில் ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் ஏறவில்லை. வெளிச் சுவரோரம் ஆலமர வகை மரங்களின் வேர் சுவரையே கட்டிப் பிடித்திருக்கும், அங்கே நின்றால் மூச்சு விடலாம். போனும் பணமும் உள்பையில். எமாமா வீட்டுப் பையன் எங்களைத் தேடி வந்து ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுப் போனான்.

பண்டிகை அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். திம்கத்துக்கு அடுத்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு வருவதற்குள், அந்த ஊரில் கல்யாண சீசன். அந்த வாரமே இவர் மேஜையில் மூன்று பத்திரிகை வந்து கிடந்தது, மூன்றிலும் எத்தியோப்பியத் தேதி. இரண்டு கல்யாணம் ஒரே ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். "சரி, ஆளுக்கு ஒண்ணு" என்றார்.